பெரிய கடை மூலம் போட்ட லேமினேட் தரை ஏழே வாரத்தில் எழும்பிவிட்டது, யாரைப் பிடிப்பது?

நீலத்தவளை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படுக்கையறைகளுக்கும் அவற்றுக்கு நடுவே இருக்கும் நடைக்கும் லேமினேட் தரை போட முடிவு செய்தோம். தெரிந்த ஆள் யாரும் இல்லை, அதனால் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய வீட்டுப் பொருள் கடைக்குப் போனேன். சரக்கும் நாங்களே, போட்டுக் கொடுப்பதும் நாங்களே, உங்களுக்கு ஒரு தலைவலியும் இல்லை என்றார் விற்பனையாளர். முழுப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டேன். இப்போது நினைத்தால் அங்கேதான் கோட்டை விட்டேன் என்று தோன்றுகிறது.

அளவெடுக்க ஒருவர் வந்தார். பத்து நிமிடம் கூட இருக்கவில்லை. லேசர் கருவியைச் சுவரில் வைத்தார், எண்ணைத் தட்டினார், போய்விட்டார். கீழே இருக்கும் சிமெண்ட் தளத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போடும் அன்று வந்தவர்கள் இரண்டு பையன்கள், வண்டியில் கடையின் பெயர் இல்லை. பெட்டிகளும் அவர்களுடனேயே வந்தன. வந்து இறக்கினார்கள், உடனே உடைத்தார்கள், மதியம் 3 மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. கைபேசித் திரையில் விரலால் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை, திட்டாதீர்கள்.

மூன்று வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் நடையின் நடுவில் இரண்டு பலகை சேரும் இடம் பூனை முதுகைத் தூக்குவது போல மெல்ல எழும்ப ஆரம்பித்தது. மேலே கால் வைத்தால் 'டொக்' என்று இறங்கும், காலை எடுத்தால் திரும்ப ஏறும். போன வாரம் அப்பா அதில் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார், நல்லவேளை. சின்ன அறையில் பலகைகளின் முனையும் முனையும் சேரும் இணைப்புகள் விட்டுப்போய், சில இடங்களில் வங்கி அட்டையைச் செருகலாம். பெரிய அறையில் குளியலறைப் பக்கம் பலகை ஓரங்கள் உப்பியிருக்கின்றன.

கடைக்குப் போன் செய்தால் போட்டுக்கொடுத்த கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். அந்தக் கம்பெனியைக் கேட்டால் 'உங்கள் வீட்டு ஈரப்பதம்தான் காரணம், நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள். பலகை தயாரித்தவர்களுக்கு எழுதினால் போட்டவரின் அறிக்கை வேண்டுமாம். மூன்று பேரும் பந்தை மாற்றி மாற்றி உதைக்கிறார்கள், நான் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்துப் போடட்டுமா? இல்லை, இவர்களிடமே வாங்க வழி இருக்கிறதா?


மட்டப்பலகை எழுதியது:

பிய்க்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிய்த்துவிட்டால் அது அவர்கள் போட்ட தரை என்பதற்கான சாட்சியே போய்விடும்.

நான் 14 வருடமாகத் தரை போடுகிறேன். அதில் மூன்று வருடம் இதே மாதிரி ஒரு பெரிய கடைக்கு உள்குத்தகையில் போட்டேன், அதனால் உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு தெரிகிறது. கடை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும், கம்பெனி எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கொடுக்கும், எங்களுக்குச் சதுரக் கணக்கில்தான் காசு. ஒரு நாளில் எவ்வளவு சதுரம் முடிக்கிறோமோ அவ்வளவு. தளத்தைச் சுத்தம் செய்ய, மட்டம் பார்க்க, மேட்டைத் தேய்க்க, பள்ளத்தை நிரப்ப யாரும் காசு தருவதில்லை. தளம் கோணலாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் அதன்மேல் போட்டுவிட்டு வந்த நாட்கள் எனக்கும் உண்டு. அதனால்தான் விட்டேன்.

சரி, உங்கள் தரைக்கு வருவோம். லேமினேட் என்பது மிதக்கும் தரை. ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது, ஒன்றோடொன்று கொக்கி போட்டு மொத்தமும் ஒரே பாயாக தளத்தின்மேல் கிடக்கும். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் நார். காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அந்த விரிவுக்கு இடம் வேண்டும் என்றுதான் சுவரைச் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள், அதை மூடத்தான் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஓடும் பட்டை. இடைவெளி இல்லாமல் இரண்டு பக்கமும் சுவரில் முட்டினால் பாய் எங்கே போகும்? மேலேதான் போகும். நீங்கள் சொன்ன பூனை முதுகு பத்துக்கு எட்டு தடவை இதுதான்.

நடையின் இரண்டு முனையிலும் ஸ்கர்ட்டிங்கை ஓர் அடி நீளத்துக்கு மட்டும் கழற்றிப் பாருங்கள். மெல்லிய புட்டி கத்தியை உள்ளே விட்டு நெம்பினால் வந்துவிடும். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், அளவுகோலின் எண் படத்தில் தெரிய வேண்டும். கதவு நிலைகளையும் பாருங்கள். நிலையின் அடியை அறுத்துப் பலகையை அதனடியில் செருகியிருக்க வேண்டும். பல பேர் நிலையைச் சுற்றி வெட்டி ஒட்ட வைத்துவிட்டு சிலிக்கான் தடவிவிடுவார்கள், அங்கேயும் முட்டும். ஸ்கர்ட்டிங் ஆணி சுவரில் அடித்திருக்கிறதா, பலகையில் அடித்திருக்கிறதா என்பதும் முக்கியம். பலகையில் அடித்தால் மிதக்க வேண்டியதைக் கட்டிப்போட்ட மாதிரி.

இன்னொன்று. அறையிலிருந்து நடைக்குப் போகும் வாசலில் நடுவே பட்டை ஏதாவது வைத்தார்களா? பல தயாரிப்பாளர்களின் வழிகாட்டியில் 8 முதல் 10 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகக் கூடாது, நடுவில் பிரித்துப் பட்டை வைக்க வேண்டும் என்று இருக்கும்.

சின்ன அறைக்கு 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியக் கட்டை ஒன்றைத் தரையில் வையுங்கள். நாங்கள் மட்டப்பலகை என்போம், அதுதான் என் பெயரும். அதற்கும் தரைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அடியில் தளம் பள்ளம். மேலே நடக்க நடக்க பலகை வளைந்து வளைந்து கொக்கி தேய்ந்து விட்டுப்போகும்.

உப்பல் மட்டும் வேறு கதை. அதைக் கடைசியாகப் பார்ப்போம், மற்ற இரண்டோடு சேர்த்துப் பேசாதீர்கள்.


நேர்வழி77 எழுதியது:

இந்த மாதிரி கடைகளில் வேலை கொடுத்ததே தப்பு. அவர்கள் விற்பது பலகை, போடுவது அவர்கள் தொழில் இல்லை. நேரடியாக நல்ல மேஸ்திரி ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த முறை பாருங்கள்.


மாடிவீட்டுப்பூனை எழுதியது:

@நேர்வழி77 நேரடியாகப் பிடித்த மேஸ்திரி பாதி வேலையில் போனை அணைத்துவிட்டுப் போன வீடும் எங்கள் வீடுதான் :) கடைக்காவது ஒரு கதவு இருக்கிறது, போய் நிற்கலாம்.

நீலத்தவளை, எனக்கு நடந்தது டைல்ஸ். கடை வேறு, கதை ஒன்றே. போட்டு இரண்டு மாதத்தில் கூடத்தில் நாலைந்து டைல் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம். ஒரு டைல் மூலையில் உடைந்தது, அதை எடுத்துப் பார்த்தால் முதுகில் ஐந்தே ஐந்து பொட்டு கலவை. நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று. மற்ற இடமெல்லாம் காற்று. பல் வைத்த கரண்டியால் முழுக்க வரிவரியாக இழுத்துப் போட வேண்டியதை வட்டவட்டமாக அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நானும் முதல் ஒரு மாதம் போனிலேயே அழுதேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. அப்புறம் என் தங்கை ஒன்று சொன்னாள்: நீ யாருக்குப் பணம் கட்டினாய், ரசீதில் யார் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு மட்டும் எழுது, மற்ற இரண்டு பேரோடும் பேசவே பேசாதே. ரசீதைப் பார்த்தேன். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரே ரசீது, கடை பெயரில். போட்டவர்களோடு எனக்கு ஓர் ஒப்பந்தமும் கிடையாது, அவர்களைக் கூட்டி வந்தது கடை. பிறகு நான் ஏன் அவர்கள் பின்னால் ஓட வேண்டும்?

அன்று முதல் எல்லாம் எழுத்தில்தான். அவர்கள் போன் செய்தால் பேசுவேன், வைத்த உடனே 'இன்று இத்தனை மணிக்குப் பேசியதில் நீங்கள் சொன்னது இது, தவறாக இருந்தால் திருத்தவும்' என்று மூன்று வரி மின்னஞ்சல். யாரும் திருத்தி எழுதியதில்லை. முக்கியக் கடிதம் ஒரே பக்கம்: எந்தத் தேதியில் போட்டது, என்ன பழுது, படங்கள் இத்தனை, இந்தத் தேதிக்குள் ஆள் அனுப்பிப் பாருங்கள். கோபத்தையெல்லாம் அடித்துவிட்டு அனுப்பினேன். முதல் வரைவு நாலு பக்கம் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேலைக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று இருந்தது. விற்றவருக்கே அது தெரியாது. உங்கள் தாளையும் திருப்பிப் பாருங்கள். பலகைக்கான உத்தரவாதமும் வேலைக்கான உத்தரவாதமும் வேறு வேறு. 25 வருட உத்தரவாதம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பலகைக்கு, அதுவும் சரியாகப் போட்டிருந்தால்தான்.


பில்போட்டவன் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு பெரிய கடையில் தரைப் பிரிவில் நாலு வருடம் பில் போட்டேன். இப்போது இல்லை, அதனால் தைரியமாக எழுதலாம்.

கவுண்டரில் நிற்பவனுக்கு உங்கள் புகாரில் ஒன்றும் செய்ய அதிகாரமில்லை. எங்கள் கடையில் 'போட்டுக்கொடுத்தல்' என்று தனிப் பிரிவு, அதன் அலுவலகம் கடைக்குள்ளேயே இல்லை. கிளையில் யாரிடம் கத்தினாலும் அவர் அந்தப் பிரிவுக்கு ஒரு சீட்டு போடுவார், அந்தப் பிரிவு போட்ட கம்பெனிக்கே அதை அனுப்பும், கம்பெனி 'வீட்டு ஈரம்' என்று எழுதி மூடும். சீட்டு மூடியதும் கணக்கில் தீர்ந்த புகார். நீங்கள் மறுபடி கூப்பிட்டால் அது புதுப் புகார்! அதனால் பழைய புகார் எண்ணைச் சொல்லி, அதையே திறக்கச் சொல்லுங்கள். கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்குங்கள். அவர் பெயரில் தாள் வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

ஈரம் என்று சொன்னார்கள் அல்லவா, திரும்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போடுவதற்கு முன் தளத்தின் ஈரத்தை அளந்தீர்களா, அளந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள். அளந்திருக்க மாட்டார்கள். அளக்காமல் போட்டது யார் தப்பு?

அப்புறம், விலைச்சீட்டில் 'அடிப்படை வேலை' என்று ஒரு வரி இருக்கும். அதில் மட்டப்படுத்துவது சேராது, கதவின் அடி அறுப்பது சேராது, பழைய தரையை எடுத்துப் போவதுகூடச் சில நேரம் சேராது. இதையெல்லாம் அளவெடுக்க வந்தவர் பார்த்து எழுதி, கூடுதலாக ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எழுதினால் விலை ஏறும், விலை ஏறினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று எங்களுக்கு ஒரு பயம், அதனால் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வரும். உங்கள் அளவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'தளத்தின் நிலை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று டிக் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. அவர்கள் ஆளே நன்று என்று சொன்ன தளத்தைத்தான் இப்போது குறை சொல்கிறார்கள்.

விரல் கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். வேலை முடிந்தது, ஆள் போனார் என்பதற்கு அது அத்தாட்சி. ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் மறைந்திருக்கும் பழுதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று அதற்கு அர்த்தம் சொல்வது கஷ்டம். ஆனாலும் என்ன எழுதியிருந்தது என்று நகல் கேளுங்கள்.


நீலத்தவளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்கக் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்தேன், கழுத்து வலிக்கிறது.

நடை: ஸ்கர்ட்டிங்கை எடுத்தேன். ஒரு முனையில் இடைவெளி 2 மில்லிமீட்டர். இன்னொரு முனையில் சுத்தமாக இல்லை, பலகை சுவரில் முட்டியதோடு சுண்ணாம்புப் பூச்சைக் கொஞ்சம் உதிர்த்தும் விட்டிருக்கிறது. அந்த வெள்ளைப் பொடி பலகையின் விளிம்பில் ஒட்டியிருக்கிறது, அதையும் படம் எடுத்தேன்.

வாசலில் பட்டை எதுவும் இல்லை. இது என் தப்போ என்று பயமாக இருக்கிறது. அலுமினியப் பட்டை வைத்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே ஓட்டிவிடட்டுமா என்று பையன்கள் கேட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். அறை, நடை, அறை மூன்றும் சேர்த்து அளந்தால் 11 மீட்டர்.

சின்ன அறை: அலுமினியக் கட்டை பக்கத்து வீட்டில் கிடைத்தது. ஜன்னலருகே நடுவில் 6 மில்லிமீட்டர் பள்ளம். இணைப்பு விட்டதெல்லாம் அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான்.

இன்னொரு விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. மிச்சமான பலகையோடு ஒரு பெட்டியை அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதற்குள் வழிகாட்டித் தாள் மடங்கிக் கிடந்தது. முதல் படமே ஒரு கடிகாரம், பக்கத்தில் 48 மணி நேரம் என்று இருக்கிறது. பெட்டியை உடைக்காமல் அதே அறையில் படுக்க வைக்க வேண்டுமாம், அறைச் சூழலுக்குப் பலகை பழக. பெட்டிகள் வந்து இறங்கியதைத் தங்கைக்கு அனுப்ப ஒரு படம் எடுத்திருந்தேன், 'வந்தாச்சு!' என்று. கைபேசியில் அந்தப் படத்தின் நேரம் காலை 9:12. பாதி அறை போட்டு முடித்த படம் 11:40. இரண்டும் ஒரே நாள்.

குளியலறைப் பக்கம்தான் குழப்பமாக இருக்கிறது. உப்பல் ஒரே வரிசையில், குளியலறை வாசலிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான். மற்ற இடம் தட்டையாக இருக்கிறது.


மட்டப்பலகை எழுதியது:

அந்த 9:12 படத்தை மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். தளத்தில் ஈரம், காற்றில் ஈரம் என்று என்ன சொன்னாலும், அந்த ஈரத்துக்குப் பலகையைப் பழக்காமல் போட்டது அவர்கள்தான் என்று அந்தப் படம் சொல்லும். லாரியிலிருந்து வந்த பலகை உங்கள் வீட்டுக் காற்றுக்கு விரியப்போகிறது, அதற்குள் கொக்கி மாட்டிச் சுவரில் முட்ட வைத்தால் வேறென்ன ஆகும்.

11 மீட்டரும் பட்டையில்லாமல் போனது அவர்கள் பொறுப்பு. நீங்கள் தலையாட்டினது பெரிய விஷயம் இல்லை. நோயாளி 'ஊசி வேண்டாமே' என்றால் வைத்தியர் 'அப்போ குணமாகாது' என்று சொல்ல வேண்டும், சரி என்று போகக் கூடாது. இங்கே கேட்டதே அவர்கள்தான்.

குளியலறைப் பக்க உப்பல் எனக்கு வேறாகத் தெரிகிறது. ஒரே வரிசை, வாசலுக்குப் பக்கம், ஓரங்கள் மட்டும் என்றால் மேலிருந்து இறங்கிய தண்ணீர். குளியலறைக் கதவின் அடி, ஓரத்து சிலிக்கான், பக்கத்துக் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். கீழிருந்து ஓதம் ஏறினால் இப்படி ஒரு மூலையில் நிற்காது, பரவலாக வரும். நார்ப்பலகை ஒரு தடவை ஓரத்தில் உப்பினால் காய்ந்தாலும் பழையபடி இறங்காது, அந்தப் பலகைகளை மாற்றத்தான் வேண்டும்.

தளத்து ஓதத்தையும் பார்த்துவிடலாம். அலமாரிக்குப் பின்னால், படிக்கட்டடியில், எங்காவது இதே தளம் தரை போடாமல் திறந்து கிடந்தால் 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கண்ணாடி பாலிதீன் தாளைப் போட்டு நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி நின்றாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஓதம் உண்டு. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஓதமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இது கைவைத்தியம். சரியான சோதனை தளத்தில் துளை போட்டு, கனத்தில் 40 சதவீத ஆழத்தில் உணரியை இறக்கி அளப்பது. வழக்கு அளவுக்குப் போனால் அதைச் செய்யத் தனி ஆள் வைக்கலாம். ஸ்கர்ட்டிங் எடுத்த இடத்தில் பலகைக்கு அடியில் பாலிதீன் தாள் விளிம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். சிமெண்ட் தளத்தின்மேல் 0.2 மில்லிமீட்டர் தாளாவது இருக்க வேண்டும், அல்லது பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தைத் தாளிலேயே (அண்டர்லே) அது சேர்ந்திருக்க வேண்டும்.


ஆறாம்மாடி எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழைய வினைல் சதுரங்கள் இருக்கின்றன, அதை உடைத்து எடுத்துவிட்டு லேமினேட் போடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். நாங்களே உடைத்து வைத்தால் கூலி குறையுமாம். செய்யலாமா? வீடு 1970 வாக்கில் கட்டியது.


மட்டப்பலகை எழுதியது:

@ஆறாம்மாடி கையை வைக்காதீர்கள். 1980-களுக்கு முன் போட்ட வினைல் சதுரங்களிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, உடைத்துத் தேய்த்தால்தான் தூசி நுரையீரலுக்குள் போகும். ஒரு துண்டைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள், அந்தத் துண்டையும் தெரிந்தவரை வைத்து எடுங்கள். வீட்டின் வயதைக் கேட்காமல் உடைக்கச் சொன்ன கடையில் வேலையைக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.


பில்போட்டவன் எழுதியது:

நீலத்தவளை, மட்டப்பலகை சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். குளியலறை உப்பலைக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பார்க்க வருபவர் நேரே அங்கே போய் ஈரமானியை வைப்பார், அது கூவும், 'தண்ணீர்ச் சேதம், உத்தரவாதத்தில் வராது' என்று மொத்த வீட்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டுப் போவார். இது நான் பலமுறை பார்த்தது. அதற்காக மறைக்கவும் வேண்டாம், வந்தவர் கேட்டால் அது தனி, அதற்கு நாங்கள் வேறு ஆள் வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

என்ன கேட்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். பொதுவாக 'சரி செய்யுங்கள்' என்று எழுதினால் ஒருவன் வந்து எழும்பின இடத்தில் ஓர் ஆணி அடித்துவிட்டுப் போவான்.


மாடிவீட்டுப்பூனை எழுதியது:

ஆணி!!! எங்கள் வீட்டில் டைலுக்குத் துளை போட்டு ஊசியால் பசை ஏற்றுகிறேன் என்று ஒருவர் வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.


நீலத்தவளை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நிலவரம் சொல்கிறேன்.

அளவுத் தாள் நகல் வாங்கிவிட்டேன். மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. தளத்தின் நிலை என்ற கட்டத்தில் டிக்கும் இல்லை, குறிப்பும் இல்லை, காலி. பில்போட்டவன் சொன்ன மாதிரியேதான். ஈரத்தை அளந்தீர்களா என்று கேட்ட மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒரு பக்கக் கடிதத்தைக் கிளை மேலாளர் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். மூன்று கோரிக்கைதான் எழுதினேன்: நடையின் விளிம்பை அறுத்து வழிகாட்டியில் உள்ள இடைவெளி விட வேண்டும், இரண்டு வாசலிலும் பட்டை வைக்க வேண்டும், சின்ன அறைப் பலகையை எடுத்துத் தளத்தை மட்டப்படுத்திப் புதுப் பலகை போட வேண்டும். ஒன்பதாம் நாள் ஆள் வந்தார், இந்தத் தடவை கடையின் ஆளே. நடையில் முட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, குனிந்து தன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது, இதைப் போட்டது எந்தக் குழு என்று என்னிடம் கேட்டார். உங்களுக்குத்தான் தெரிய வேண்டும் என்றேன்.

நடையும் வாசல் பட்டைகளும் இலவசமாகச் செய்கிறோம் என்று எழுத்தில் வந்துவிட்டது, வரும் வியாழக்கிழமை. சின்ன அறைக்குப் பலகை தருவார்களாம், தளம் மட்டப்படுத்தும் செலவு என்னுடையதாம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, அளவெடுக்க வந்தவர் பார்த்துச் சொல்லியிருந்தால் அப்போதே முடிவெடுத்திருப்பேன் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். பாதிப் பாதி என்று வந்தால் ஒத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் சண்டை நடக்கிறது.

குளியலறைக் கதவடியில் சிலிக்கான் விட்டுப்போயிருந்தது உண்மைதான். அது எங்கள் தலையில்.

மட்டப்பலகை, வியாழக்கிழமை அவர்கள் அறுக்கும்போது நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?


மட்டப்பலகை எழுதியது:

பாதிப் பாதி என்றால் நான் வாங்கிக்கொள்வேன். பள்ளமான தளம் உங்களுடையது, அதைப் பார்க்காமல் போட்டது அவர்கள்.

வியாழக்கிழமைக்கு: ஸ்கர்ட்டிங்கை முழு நீளத்துக்கும் எடுக்கச் சொல்லுங்கள், எழும்பின இடத்துக்கு நேரே மட்டும் அல்ல. கதவு நிலைகளின் அடியை அறுக்கச் சொல்லுங்கள். அறுத்த தூளை உறிஞ்சி எடுக்காமல் மூட விடாதீர்கள், தூள் அடைத்தால் இடைவெளி விட்டதற்கே அர்த்தமில்லை. வாசல் பட்டையின் திருகு தளத்தில் இறங்க வேண்டும், பலகைக்குள் இறங்கக் கூடாது. அறுத்த உடனே முதுகு இறங்கவில்லை என்றால் பதற வேண்டாம், சில நாளில் தானாகப் படியும். ஒரு வாரம் ஆகியும் 'டொக்' கேட்டால் அந்த இரண்டு பலகையின் கொக்கி போய்விட்டது, மாற்றச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். அதே பேட்ச் அதுதான்.